தள்ளுபடியில் வெளியேறியவன்

2008 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்திலிருந்து லண்டன் விமானம் கிளம்பியது. மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிஸ்ஸூர் மட்டும் கிளம்பவில்லை. விமானம் அவனை ஊடுருவிக்கொண்டு மேலே போய்விட, அவன் உட்கார்ந்த வாக்கிலேயே ஓடுபாதையின் பனியில் இறங்கினான். கையில் காப்பிக் கோப்பை இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. வடகிழக்குக் காற்று, வேகம் சுமார். பனி அள்ளும் வண்டிக்காரர்கள் அவனை ஏற்றிக்கொண்டு வந்து முனையத்தின் வாசலில் விட்டார்கள். அன்று பிற்பகல் கோபன்ஹேகன் விமானத்தில் ஏறிப் பார்த்தான், அதிலும் அப்படியே ஆயிற்று. அடுத்த வாரம் கிழக்குக் கரைக்குப் போய்க் கப்பலில் ஏறினான். கப்பல் துறைமுக வாயைத் தாண்டியதும் அவன் தண்ணீரில் கிடந்தான். இறால் படகொன்று தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. காரணத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. 28ஆம் தேதி விடியுமுன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. வங்கிகள் எல்லாம் விழுந்துவிட்டபடியால், அனுமதியில்லாமல் ஐஸ்லாந்தின் மூலதனம் எதுவும் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். ஒரு மனிதன் மூலதனமாக முடியுமா என்று செய்தித்தாள்கள் வழக்கறிஞர்களைக் கேட்டன. முடியும் என்று சட்டத்தில் இல்லை, முடியாது என்றும் இல்லை என்று வழக்கறிஞர்கள் சொன்னார்கள். கிஸ்ஸூரின் சட்டை, பல், பழுப்பு நிறம், ஐந்து வருடச் சாப்பாடு எல்லாமே வங்கிப் பணத்தில் வந்தவை என்பதால், அவன் உடம்பில் எது பணம், எது அவன் என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலவில்லை.

அவன் எங்கள் ஊர்க்காரன். வடமேற்கில், கடல் உள்ளே நுழைந்து முட்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது கால்டவீக். நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு மீன் ஆலை, ஒரு தேவாலயம், ஒரு வெந்நீர்க் குளம், 1911இல் மீனவர்கள் கூடித் தொடங்கிய ஒரு சேமிப்பு வங்கி. அந்த வங்கியின் முகப்பு மேசையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருந்தவள் ஸ்டெய்னுன். ஊரில் யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவள் முகம் ஒருநாளும் காட்டியதில்லை. 2003இல் கிஸ்ஸூர் மேலாளராக வந்து சேர்ந்தான். அவனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் அவன் குரல் அப்படி இருந்தது. அது காதில் விழுந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்காரலாம் போலத் தோன்றும். அந்தக் குரலில் அவன் பேசப் பேச, சேமிப்பு வங்கி பெரிய வங்கி ஒன்றோடு சேர்ந்தது. பெரிய வங்கி வெளிநாட்டில் கடன் வாங்கி வெளிநாட்டிலேயே கடைகளும் கப்பல்களும் வாங்கியது. ஊர்க்காரர்களின் சேமிப்பெல்லாம் நிதிப் பத்திரங்களாக மாறின. அந்தப் பத்திரங்களை முகப்பில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விற்றவள் ஸ்டெய்னுன்தான். கிஸ்ஸூர் சொன்னதை அவள் நம்பினாள், அவள் சொன்னதை ஊர் நம்பியது.

அவளுக்கு ஒரே தம்பி, ஓட்டுர். கிஸ்ஸூரோடு ஒரே வகுப்பில் படித்தவன். 2006இல் புதுப் படகுக்கும் மீன்பிடி உரிமைக்கும் கடன் கேட்டு வந்தான். பாதி ஜப்பான் யென்னிலும் பாதி சுவிஸ் பிராங்கிலும் வாங்கிக்கொள் என்றான் கிஸ்ஸூர்.

"நான் பிடிக்கிறது இந்தக் கடல்ல. ஜப்பான்காரன் காசுல எதுக்குடா எனக்குக் கடன்?"

"இங்க வட்டி பதினாலு, அங்க ரெண்டு. உலகத்துல எல்லாக் கதவும் திறந்து கிடக்குது ஓட்டுர். நீ ஒருத்தன் மட்டும் உள்ளேயே உட்கார்ந்து அடுப்பு மூட்டிக்கிட்டிருக்கப் போறியா?"

ஓட்டுர் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். ஸ்டெய்னுன் சரியென்று தலையை ஆட்டினாள். ஓட்டுர் கையெழுத்துப் போட்டான்.

2008 மார்ச்சில் எங்கள் நாணயமான குரோனாவின் மதிப்பு இறங்கத் தொடங்கியது. அதே வாரம் ஓட்டுரின் எடை ஏறத் தொடங்கியது. ஆள் பெருக்கவில்லை, கால்சட்டையும் பெல்ட்டும் பழையவைதான், அதே ஓட்டைதான். துறைமுகத்து மீன் தராசில் ஏறி நின்றபோது மார்ச்சில் தொண்ணூற்றிரண்டு கிலோ, ஜூனில் நூற்றிருபது. மாவட்ட மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அன்றைய யென் விலையை வானொலி சொல்லுமுன் ஓட்டுர் வீட்டு மாடிப்படி சொல்லிவிடும். அக்டோபர் தொடக்கத்தில் மூன்று நாளைக்குள் நாட்டின் பெரிய வங்கிகள் விழுந்தன. ஓட்டுரின் கடன் இரண்டு மடங்காயிற்று, ஓட்டுரும் இரண்டு மடங்கானான். அவன் ஏறினால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படகை வங்கி எடுத்துக்கொண்டது. கடனை எடுத்துக்கொள்ளவில்லை. வட்டியும் தவணைப் பாக்கியும் ஏற ஏற, படகே இல்லாத மனிதன் படகின் எடைக்கு வந்துகொண்டிருந்தான். சேமிப்பு வங்கியின் கதவில் பூட்டுத் தொங்கியது. பத்திரங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிஸ்ஸூர் தன் பணத்தை செப்டம்பரிலேயே தெற்கே ஒரு சின்ன நாட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தான். அதன் பின்னாலேயே தானும் போவதற்குத்தான் நவம்பரில் விமானம் ஏறினான்.

வேலை போன ஸ்டெய்னுன் அந்தக் குளிர்காலம் முழுவதும் கடைக்குப் போகவில்லை. அவளிடம் பத்திரம் வாங்கியவர்கள் அவளை ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. ஜனவரியில் தலைநகரின் அலுவலகம் ஒன்று விளம்பரம் போட்டது. பணத்தை வெளியே அனுப்ப அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க, வங்கி அனுபவமுள்ள எழுத்தர்கள் தேவை. ஸ்டெய்னுன் எழுதிப் போட்டாள், கிடைத்தது. இரண்டாம் மாடியில் எட்டு மேசைகள். அவளுடையது ஜன்னலுக்கு முதுகைக் காட்டியது. ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை, கம்பு ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டுக்கொண்டே அவள் பிரித்த உறையில் கிஸ்ஸூரின் விண்ணப்பம் இருந்தது. 'விண்ணப்பதாரர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தான். 'வெளியேற்ற வேண்டிய சொத்து' என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதியிருந்தான். ஸ்டெய்னுன் மிச்ச ரொட்டியை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்தாள். நிராகரிக்கப்படுகிறது. மேலும், இந்தச் சொத்து உருவான இடமாகிய கால்டவீக்கிலேயே மறு உத்தரவு வரை வைக்கப்பட வேண்டும்.

பிரிவுத் தலைவர் எலிஸ் சாந்தமான மனிதர். தாளை இரண்டு முறை படித்தார்.

"இதுக்குச் சட்டத்துல இடமிருக்கா, ஸ்டெய்னுன்?"

"பதினாலாம் பிரிவு, மூணாவது உட்பிரிவு."

"அது சொத்துக்கு. இவரு மனுஷனாச்சே?"

"சொத்துன்னு அவரே தன் கையால எழுதிக் கொடுத்திருக்காரு. இல்லேன்னு சொல்ல நான் யாரு?"

எலிஸ் முத்திரை குத்தினார்.

இப்படித்தான் 2009 மே மாதம் கிஸ்ஸூர் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தான். பூட்டிய வங்கியின் மேலே இருந்த சின்னக் குடியிருப்பில் அவனை வைத்தார்கள். ஒருவரும் அவன்மேல் கை வைக்கவில்லை. ஆலையில் மீன் முள் எடுக்கும் வரிசையில் வேலை கொடுத்தார்கள். கடைக்காரி ரொட்டி கொடுத்தாள், மிச்சமும் சரியாகக் கொடுத்தாள், முகத்தைத்தான் கொடுக்கவில்லை. மாலையில் அவன் குளத்தோரத்து வெந்நீர்த் தொட்டியில் இறங்கினால், அதில் கழுத்துவரை அமிழ்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தி ஒவ்வொருவராக எழுந்து, பனிக்காற்றில் வெறும் உடம்போடு உடை மாற்றும் அறைக்கு நடந்துபோனார்கள். ஒரு வருடத்துக்கு மேல் எட்டுப் பேர் தொட்டியில் அவன் ஒருவனாக உட்கார்ந்து குளித்தான். ஸ்டெய்னுன் சனிக்கிழமைதோறும் ஐந்து மணி நேரம் காரோட்டி வருவாள். முதல் சனிக்கிழமையே ஒரு மண்வெட்டியைக் கொண்டுபோய் அவன் வாசலில் சாத்தி வைத்தாள்.

ஓட்டுர் அப்போது படகுக் கொட்டகையில் இருந்தான். அவனைத் தாங்கும் பலகைத் தளம் எந்த வீட்டிலும் இல்லாததால், மண் தரையில் இருக்க வைத்திருந்தார்கள். மண்ணும் முழுக்கத் தாங்கவில்லை. ஒவ்வொரு நாளும் விரற்கடை அளவு உள்ளே போனான். காலையில் யாராவது தோண்டி அவனைச் சுற்றி மண்ணை அள்ளிப் பலகை கொடுத்து நிமிர்த்த வேண்டும். அந்த வேலை கிஸ்ஸூருடையதாயிற்று. ஆலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் தோண்டுவான். முதல் சில வாரம் இருவரும் பேசவில்லை. பிறகு ஒருநாள் ஓட்டுர், "பார்த்துடா, அது என் கால். அதுவும் அடமானத்துல இருக்கு," என்றான். கிஸ்ஸூருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரின் செம்மறி ஆட்டுக்குச் சாயம் பூசியது, இரண்டு பேரும் ஒரே பெண்ணுக்குக் கடிதம் எழுதியது, இப்படி. வெளியே நின்று அதைக் கேட்ட ஸ்டெய்னுனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அக்கா, அவனை விட்டுடு," என்றான் ஓட்டுர், கிறிஸ்துமஸுக்கு அவள் புகையூட்டிய ஆட்டிறைச்சி கொண்டுவந்தபோது. "நல்லாத் தோண்டறான். பாவம், கையெல்லாம் கொப்புளம்."

"உனக்கு மனசு வந்தா நீ விடு. எனக்கு வரல."

"தலையாட்டினது அவன் இல்லையே அக்கா."

அவன் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. கிஸ்ஸூருக்காகப் பரிந்துதான் சொன்னான். ஸ்டெய்னுன் இறைச்சியை மெல்லியதாக நறுக்கி அவன் வாயில் ஊட்டிவிட்டு, அன்றே தலைநகருக்குத் திரும்பிப் போனாள். அடுத்த விண்ணப்பத்தை அவள் படிக்காமலே நிராகரித்தாள் என்று சொல்கிறார்கள். அது பொய். எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் நிராகரித்தாள்.

2010 மே கடைசியில் உறைந்திருந்த நிலம் இளகியது. கிஸ்ஸூர் காய்ச்சலில் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. முறை மாற்றித் தோண்டியவர்களுக்கு ஓட்டுரின் மண் பழக்கமில்லை. 25ஆம் தேதி காலை அவன் மார்பளவு போய்விட்டான். மீன் ஆலையின் பாரந்தூக்கியைக் கொண்டுவந்து கம்பி கட்டி இழுத்தார்கள். கம்பி இரண்டு தடவை அறுந்தது. காய்ச்சலோடு ஓடிவந்த கிஸ்ஸூர் மண்வெட்டியைத் தேடாமல் வெறும் கையால் தோண்டினான். பதினொன்று பத்துக்கு ஓட்டுர், "கதவைச் சாத்துங்கப்பா, குளிருது," என்றான். பிறகு மண் சமமாக இருந்தது. போதகர் அந்தச் சம மண்ணின்மேல் நின்று ஜெபம் சொன்னார்.

இருபத்திரண்டு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, வேறு யாரோ தொடுத்த வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டு நாணயத்தின் மதிப்போடு கட்டிய கடன்கள் சட்டப்படி செல்லாது என்பது தீர்ப்பு. அன்று மாலை நான்கு மணிக்குப் படகுக் கொட்டகையின் மண் விரிந்து ஓட்டுர் மேலே வந்தான். கண்கள் மூடியிருந்தன, சட்டையில் மண்கூட ஒட்டவில்லை. காலி மீன் பெட்டி அளவுக்குக்கூடக் கனமில்லை. ஸ்டெய்னுன் ஒற்றைக் கையால் அவனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு தேவாலயம் வரை நடந்தாள். சின்ன வயதில் அவனை அப்படித் தூக்கி நடந்தபோது அவள் மூச்சு வாங்கியிருக்கிறாள், இப்போது வாங்கவில்லை. சவப்பெட்டி குழியில் நிற்காமல் எழும்பி எழும்பி வந்ததால் மேலே கற்களை வைத்தார்கள். கிஸ்ஸூர் ஒரு கல்லை எடுத்து வந்தான். ஸ்டெய்னுன் அதை அவன் கையிலிருந்து வாங்கி வேலிக்கு வெளியே போட்டாள்.

அந்த வருடம் ஊர் அவனை மன்னித்துவிட்டது. அவன் விரல் நகங்கள் போயிருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வெந்நீர்த் தொட்டியில் அவன் இறங்கினால் இப்போது நகர்ந்து இடம் விட்டார்கள். கடைக்காரி மழையைப் பற்றிப் பேசினாள். ஸ்டெய்னுன் மட்டும் மன்னிக்கவில்லை. அவனுக்கு லண்டனில் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஒரு மகள் இருந்தாள், எம்ப்லா. அவள் பட்டம் வாங்கியபோது விண்ணப்பித்தான்; நிராகரிப்பு. அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது விண்ணப்பித்தான். நிராகரிப்பு, விரைவில் குணமடைய வாழ்த்துகள் என்று ஒரு வரியோடு. 2012இல் அவள் கல்யாணத்துக்கு, எலிஸிடம் ஒருநாள் அனுமதி வாங்கிக்கொண்டு, தானே நேரில் அலுவலகம் வந்தான். அந்தக் குரலில் அவன் பேசத் தொடங்கியதும் மற்ற ஏழு மேசைகளிலும் பேனாக்கள் நின்றன. ஒரு பெண் எழுத்தர் மூக்கைச் சிந்தினாள். எலிஸ் தன் அறையிலிருந்து முத்திரையோடு வெளியே வந்துவிட்டார்.

"ஒரே பொண்ணு, ஸ்டெய்னுன். ரெண்டே நாள். போயிட்டு வந்துடறேன்."

"போன காசு ஒண்ணும் திரும்பி வரல. நீ மட்டும் வந்துடுவியா?"

"ஓட்டுர் இருந்திருந்தா என்னை அனுப்பியிருப்பான்."

"அதான் அவன் இல்லையே," என்றாள் ஸ்டெய்னுன். முத்திரையை எலிஸின் கையிலிருந்து வாங்கித் தானே குத்தினாள். சிவப்பு மை. அன்று மதியம் வழக்கம்போல ரொட்டி சாப்பிட்டாள். அவளுக்குப் பசித்தது.

அடுத்த ஆண்டு எம்ப்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கிஸ்ஸூர் மாதத்துக்கொரு விண்ணப்பம் எழுதினான், படத்தை இணைத்து. ஸ்டெய்னுன் படங்களை வரிசையாகக் கோப்பில் கட்டிவைத்தாள்; அந்தக் குழந்தைக்கு முதல் பல் எந்த மாதம் முளைத்தது என்பது அவளுக்குத் தெரியும். நாட்டுக்கு மெல்ல மெல்ல நல்ல காலம் வந்தது. சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், குரோனா நிமிர்ந்தது. சிக்கிக்கிடந்த பழைய பணத்தை வெளியே விட்டு வாசலைத் திறக்க அரசு தீர்மானித்தது. ஆனால் ஒரே மூச்சில் விட்டால் மறுபடி விழுந்துவிடும் என்று பயந்து 2016 ஜூனில் ஓர் ஏலம் வைத்தது. போக விரும்பும் பணம் போகலாம், மோசமான விலைக்கு. ஒரு பங்கை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். கிஸ்ஸூர் அதிலும் விண்ணப்பித்தான். அவன் விஷயத்தில் மூன்றில் ஒரு பங்கு பிடித்தம் என்று முடிவாயிற்று. எதைப் பிடிப்பது என்பதைப் பரிசீலிக்கும் எழுத்தர் படிவத்தின் பதினோராவது கட்டத்தில் எழுத வேண்டும்.

"ஒரு காலை எழுதிடுங்களேன்," என்றார் எலிஸ். "எடை சரியா வரும். கட்டைக்கால் வச்சுக்கலாம், இப்ப நல்லதா கிடைக்குது."

ஸ்டெய்னுன் ஒரு பிற்பகல் முழுக்க யோசித்தாள். கால் இல்லாமல் போனாலும் அவன் போன இடத்தில் உட்கார்ந்து பேசுவான். இருபது பேர் கேட்பார்கள், ஒருவன் அக்காவைத் திரும்பிப் பார்ப்பான். அவள் பதினோராவது கட்டத்தில் ஒரே சொல்லை எழுதினாள்: குரல்.

கையெழுத்துக்காக அலுவலகம் அழைக்க, கிஸ்ஸூர் வந்து அதைப் படித்தான்.

"பேத்திக்குக் கதை சொல்லணும்னு நினைச்சிருந்தேன்."

"கையைக் காட்டிச் சொல்லு. கை இருக்கில்ல."

அவன் கையெழுத்துப் போட்டான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வாய் அசைந்தது, அவ்வளவுதான். ஆகஸ்ட் 9 அன்று அவன் ஏறிய விமானம் அவனையும் கொண்டு போயிற்று. லண்டனில் பேத்தி அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, வாய்க்குள் விரலை விட்டுத் தேடிப் பார்த்தாள் என்று எம்ப்லா யாருக்கோ எழுதியிருந்தாள். கோபமாக ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கடிதம் ஊரில் பல கை மாறி ஸ்டெய்னுனிடமும் வந்தது. படித்தாள். மடித்தாள். அன்று அவளுக்குப் பசிக்கவில்லை. மறுநாள் பசித்தது.

குரல் பதினாலாம் பிரிவின்படி கால்டவீக்கில் வைக்கப்பட்டது. கொஞ்ச நாள் அது வங்கி மாடிப்படியில் கிடந்து, போகிற வருகிறவர்களிடம் பத்திரம் வாங்கச் சொல்லிப் பார்த்தது. தபால்காரன், "சும்மா கிட," என்பான். துறைமுக அதிகாரி வீணாகக் கிடக்கிறதே என்று எழுதிக் கேட்டு, ஸ்டெய்னுனின் கையெழுத்தோடு அனுமதி வாங்கி, அதைத் துறைமுகத்து மீன் ஏலக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு மீன் விலை வாசிப்பது அதுதான். எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் சொல்ல அதற்கு உரிமையில்லை. மிக அழகாக வாசிக்கிறது. ஹேடாக் மீனின் விலையைக் கேட்டு, கரையில் நிற்கும் வெளியூர் லாரி ஓட்டிகள் பெருமூச்சு விடுவதுண்டு.

2017 மார்ச்சில் கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கின. பணம் வரலாம், போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்று அறிவித்தார்கள். மூன்றாம் நாள் லண்டனிலிருந்து கிஸ்ஸூரின் கடிதம் வந்தது. இனித் தடை இல்லையென்பதால் குரலை அனுப்பித் தருமாறு பணிவோடு கேட்டிருந்தான். பிரிவையே மூடிக்கொண்டிருந்தார்கள், எலிஸ் பூந்தொட்டிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெய்னுன் தன் கடைசிப் பதிலை எழுதினாள். ஏலத்தில் முடிந்த விற்பனை முடிந்ததுதான். பிடித்தம் திருப்பித் தரப்படுவதில்லை. முத்திரையைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

இப்போது அவளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தினமும் காலையில் குடுவையில் காப்பியோடு ஏலக் கொட்டகைக்கு வந்து, பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காருகிறாள். மீன் வாங்குவதில்லை. சென்ற பிப்ரவரியில், புயலால் படகுகள் போகாமல் கொட்டகை காலியாக இருந்த ஒருநாள், முந்தைய நாள் விலைப் பட்டியலின் நடுவில் குரல் நின்றது. பிறகு மெதுவாக, விலை வாசிக்கிற அதே இனிமையில் கேட்டது:

"ஸ்டெய்னுன், இன்னும் ஆறலையா?"

துறைமுக அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெய்னுன் குடுவையை மூடினாள்.

"காட் மீன் விலை என்னன்னு சொல்லு."

"காட், பெரியது, முந்நூற்று இருபத்தேழு. சிறியது, இருநூற்று அறுபது," என்றது குரல். அதிகாரி பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். விலை சரியாக இருந்தது.